ஆடுகளத்தில் குழந்தைக்கு யார் காவல்?

மகளுக்கு வரன் பார்க்கும் காலத்தில் குணம், குடும்பம், உத்தியோகம், வருமானம் என்று நூறு விஷயங்களை நாலு பேரிடம் விசாரித்து அறிகிற நம் பெற்றோர்கள், அதே மகள் பதின்மூன்று வயதில் கபடிக் குழுவிலோ கைப்பந்துக் குழுவிலோ இடம்பெற்று, மூன்று நாள் போட்டிக்காக அயலூருக்கு வேனில் புறப்படும்போது, கூடப் போகிறவர்கள் யார், இரவில் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள், குளிக்குமிடத்துக்குத் தாழ்ப்பாள் உண்டா, ஏதேனும் நேர்ந்தால் குழந்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 'சார் பார்த்துக்கொள்வார்' என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்த வார்த்தையில் உள்ள நம்பிக்கை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. நம் உடற்கல்வி ஆசிரியர்களிலும் பயிற்சியாளர்களிலும் பெரும்பாலோர் அந்த நம்பிக்கைக்கு முற்றிலும் பாத்திரமானவர்களே. சொந்தச் சம்பளத்தில் முட்டையும் பாலும் வாங்கிக் கொடுத்து, கிழிந்த காலணிக்குப் பதில் புதியது வாங்கித் தந்து, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையை மாநில அணி வரையில் கொண்டுபோய் நிறுத்திய புண்ணியவான்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

ஆயினும், நல்லவர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் பாதுகாப்பை விட்டுவிடலாகாது என்பதும், இளையோர் விளையாட்டில் எந்தப் பொறுப்பை வகிப்பவராயினும், பயிற்சியாளர், நடுவர், அணி மேலாளர், உடற்கல்வி ஆசிரியர், விடுதிக் காப்பாளர், சங்கச் செயலாளர் ஆகிய ஒவ்வொருவரும், குழந்தைப் பாதுகாப்பில் முறையான பயிற்சி பெற்ற பின்னரே அப்பொறுப்பில் அமர்த்தப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். தீய எண்ணம் கொண்டவன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்ததும் திருந்திவிடுவான் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அவனைச் சுற்றி நிற்கிற நல்லவர்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் காட்டுவதும், கவனித்ததை எங்கே, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைக் கற்பிப்பதுமே அப்பயிற்சியின் முதற் பிரயோஜனம்.

பயிற்சியாளருக்கும் குழந்தைக்கும் இடையேயுள்ள உறவு, வேறெந்த ஆசிரிய மாணாக்கர் உறவிலும் காணப்படாத நெருக்கமும் அதிகாரமும் கலந்தது. கணக்கு ஆசிரியர் மாணவியின் தோளைப் பிடித்து நிமிர்த்துவதில்லை. விடியுமுன்னும் அந்தி மயங்கிய பின்னும் அவளை மைதானத்துக்கு வரவழைப்பதில்லை. அவள் எதை உண்ண வேண்டும், எப்போது உறங்க வேண்டும், எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. விளையாட்டுப் பயிற்சியில் இவை அனைத்தும் நியாயமான தேவைகள். அதற்கும் மேலாக, அணியில் யாருக்கு இடம், மாநிலப் போட்டிக்கு யாருடைய பெயர் போக வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறவர் பெரும்பாலும் அவரே. நம் மாநிலத்தில் அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடும், தொழிற்கல்லூரிகளில் விளையாட்டுப் பிரிவு இடங்களும் இருப்பதனால், போட்டிச் சான்றிதழ் ஒன்று ஓர் ஏழைக் குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றவல்லதாக இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு வழிவிடுகிறவரைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு குழந்தை எத்தனை முறை யோசிக்கும் என்பதைப் பெரியவர்களாகிய நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்த அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறவன் முதல் நாளே தன் சுபாவத்தைக் காட்டிவிடுவதில்லை. அவன் முதலில் பெற்றோரின் நன்மதிப்பைச் சம்பாதிக்கிறான். வறிய வீட்டுப் பிள்ளையையோ, தந்தையை இழந்த பிள்ளையையோ தேர்ந்தெடுத்து, தனிச் சலுகையும் பரிசும் தருகிறான். இரவில் அலைபேசியில் செய்தி அனுப்பத் தொடங்குகிறான். 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று சின்னஞ்சிறு ரகசியங்களைப் பழக்குகிறான். தசைப்பிடிப்பை நீவிவிடுவதாகச் சொல்லித் தொடுதலின் எல்லையைச் சிறிது சிறிதாக நகர்த்துகிறான். குழந்தைக்கு இது தவறு என்று தெளிவாகும் நேரத்தில், தானும் அதற்கு உடந்தை என்ற பொய்யான குற்ற உணர்வு அதன் வாயைக் கட்டிவிடுகிறது. மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானவர்கள் என்றும், துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள் என்றும், பெரும்பாலான குழந்தைகள் அதை எவரிடமும் சொல்லவில்லை என்றும் தெரிவித்தது. இத்துன்பம் பெண் குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தையும் அவ்வாய்வு தகர்த்தது; பாதிக்கப்பட்டவர்களில் ஆண் குழந்தைகளின் பங்கு ஏறத்தாழச் சரிபாதி.

2021 மே மாதத்தில் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டதையும், ஒருவர் துணிந்து பேசிய பிறகு அவரிடம் முன்பு பயின்றவர்கள் மேலும் சிலர் புகாரோடு முன்வந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குற்றத்தை நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு குரல் எழுந்த பின்னரே மற்றக் குரல்கள் எழும்பின என்பதும், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அவற்றைக் கேட்டுக்கொள்ள ஓர் இடம் இருக்கவில்லை என்பதும் நம் அனைவருக்கும் உரிய விசாரம்.

செல்வத்திலும் சட்டத்திலும் முன்னேறியவை என்று பேர்பெற்ற தேசங்களும் இந்தத் துயரத்துக்கு விலக்கல்ல. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராகவும், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவராகவும் விளங்கிய லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் இளம் வீராங்கனைகளைப் பல்லாண்டுகள் சீரழித்து வந்தான். தாய் அதே அறையில் அமர்ந்திருக்க, தன் உடலால் அவள் பார்வையை மறைத்துக்கொண்டு அவன் அக்கிரமம் புரிந்தான் என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்ட செய்தி. 1997-இலேயே ஒரு பயிற்சியாளரிடம் இதைச் சொல்லியும் பயனில்லாமற் போயிற்று என்று முன்னாள் வீராங்கனைகள் பின்னாளில் கூறினார்கள். 2015 ஜூலையில் மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.க்குத் தகவல் போன பிறகும் ஓராண்டுக்கு மேல் உருப்படியான நடவடிக்கை இல்லை. அந்த இடைவெளியில் சுமார் 70 அல்லது அதற்கு மேற்பட்ட இளம் வீராங்கனைகள் அவனால் துன்புறுத்தப்பட்டதாக நீதிமன்ற ஆவணங்கள் கூறுவதை அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021-இல் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். 2016 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற பெண்மணி தம் பெயரோடு வெளிப்படையாகப் பேசிய பின்னரே உலகம் விழித்தது. 2018 ஜனவரியில் 150-க்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தம் துயரத்தை எடுத்துரைக்க, அவனுக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் கதை இதற்கு முந்தியது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் நீச்சல் அணிக்குப் பயிற்சியளித்த பால் ஹிக்சன், தன்னிடம் பயின்ற இளம்பெண்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக 1995-இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அந்த அதிர்ச்சியின் விளைவாகவே விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு தனிப் பிரிவு 2001-இல் அங்கே ஏற்பட்டது. ஆனால் கால்பந்து உலகில் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை, ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் வீரர் 2016 நவம்பரில் வாய் திறக்கும் வரை மூடியே கிடந்தது. அதைப் பற்றி கிளைவ் ஷெல்டன் என்ற வழக்கறிஞர் விரிவாக ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட அறிக்கை, 1995 அக்டோபர் முதல் 2000 மே வரையிலான காலத்தில் கால்பந்துச் சங்கம் குழந்தைகளைக் காக்கப் போதியன செய்யவில்லை என்று தீர்ப்புரைத்தது. சந்தேகத்துக்குரியவர்கள் 240 பேர் என்றும் பாதிக்கப்பட்டவர்கள் 692 பேர் என்றும் காவல்துறைக் கணக்கு ஒன்றை அது குறிப்பிட்டது.

இவ்விரு தேசத்து வரலாறுகளிலும் பொதுவாகக் காணப்படும் அம்சம் ஒன்றுண்டு. குற்றவாளிகள் சிலரே, அவர்களைச் சுற்றியிருந்து வதந்தியைக் கேட்டவர்கள், முகம் சுளித்தவர்கள், மனத்துக்குள் சந்தேகித்தவர்கள், 'நமக்கேன் வம்பு' என்று விலகியவர்கள், சங்கத்தின் பெயர் கெடும் என்று அஞ்சியவர்கள் பலர். அவர்களில் மிகுதியானவர்கள் கெட்டவர்களல்லர். தாம் காண்பது இன்னதென்று புரியாதவர்கள். புரிந்தாலும் அடுத்து என்ன செய்வதென்று கற்பிக்கப்படாதவர்கள். போனஸ் கோட்டைத் தாண்டிய கால் விரலைக் கண் இமைக்கும் நேரத்தில் கண்டுகொள்கிற கபடி நடுவரின் கூர்மை பிறவியில் வந்ததன்று, பயிற்சியால் வந்தது. எல்லை மீறுகிற கையைக் கண்டுகொள்வதற்கும் அப்படியே பயிற்சி வேண்டும். இந்த உண்மையை உணர்ந்தே, அமெரிக்கா 2018 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில், குழந்தைகளோடு பழகும் விளையாட்டு அமைப்பினர் யாவரும் பயிற்சி பெற வேண்டும், சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும், பெரியவர் ஒருவர் குழந்தையோடு தனித்திருக்க நேர்ந்தால் அது பிறர் பார்வைக்கு எட்டுவதாகவும் எவரும் குறுக்கிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்ற நெறிகள் ஏற்பட வழி செய்தது.

நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற பேதமின்றி 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கும் போக்சோ சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. அதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது. சங்கத் தலைவரிடம் சொன்னேன், தலைமையாசிரியர் காதில் போட்டேன் என்பதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. தெரிவிக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரையும், தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறிய நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க 21-ஆம் பிரிவு இடம் தருகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் சட்டத்தில் உண்டு. 2020 மார்ச்சில் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளிகளோடு விளையாட்டு அகாதெமிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரைப் பற்றியும் காவல்துறைச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் குறித்த காலங்களில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்றும் விதித்திருக்கின்றன.

ஆகவே, இக்கட்டுரை கேட்கும் பயிற்சி ஏற்கனவே சட்டத்தின் கட்டளை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடி மாணவியர் விடுதி ஒன்றில் நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில், இவ்வாறு மௌனம் காப்பது கடுமையான குற்றம் என்றும், குற்றவாளிகளுக்குக் கவசமாகும் முயற்சி என்றும் எடுத்துரைத்து, அவர்மீதான வழக்கு தொடர வேண்டுமென்று தீர்ப்பளித்தது. விடுதிகளில் தங்கிப் பயிலும் விளையாட்டுப் பிள்ளைகளைப் பொறுப்பேற்றவர்கள் இத்தீர்ப்பைத் தமக்கே சொல்லப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

அப்பயிற்சியில் கற்பிக்க வேண்டியவை என்ன? நம் போட்டிகளின் நடைமுறையையே எடுத்துக்கொள்வோம். வெளியூர் அணிகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பள்ளி வகுப்பறையில் தங்குகின்றன. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துப் பிள்ளைகள் படுக்கிறார்கள். கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில், விளக்கில்லாத இடத்தில் இருக்கும். பெண்கள் அணி என்றால் பெண் பொறுப்பாளர் ஒருவர் உடன் தங்கினாரா, வெளியார் அந்தக் கட்டடத்துக்குள் நுழையாதபடி ஏற்பாடு உண்டா, இரவில் வெளியே போகும் குழந்தை துணையோடு போகிறதா என்பவை போட்டி அட்டவணையைப் போலவே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட வேண்டியவை. எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகளில், எடை சில நூறு கிராம் கூடுதலாகக் காட்டினால், மேலாடையைக் களைந்துவிட்டு மறுபடி ஏறச் சொல்வது வெகு சாதாரணமாக நடக்கிறது. சுற்றிலும் பிற அணியினர் நிற்க, கையில் அலைபேசிகள் திறந்திருக்க, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கூசிக் குறுகி அந்த இயந்திரத்தின்மேல் நிற்கும் காட்சியை இயல்பானதென்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். தட்டியடைத்த மறைவிடம், அதே பாலைச் சேர்ந்த இரண்டு அதிகாரிகள், அலைபேசிக்குத் தடை என்ற மூன்றே ஏற்பாடுகள் அந்தக் கூச்சத்தை நீக்கிவிடும், செலவு ஏதுமில்லை.

அடுத்தது, குழந்தை வந்து சொல்லும் அந்த நிமிஷம். பயிற்சியில்லாத நல்லவர் அந்த நிமிஷத்தில்தான் தவறிழைக்கிறார். 'அவரா? இருக்காதே!' என்று திகைக்கிறார்; 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறார்; நாலு பேர் முன்னிலையில் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார்; அல்லது ஆத்திரத்தில் எதிராளியை நேரே போய்க் கேட்டு, சாட்சியங்கள் அழிய வழி செய்துவிடுகிறார். பயிற்சி பெற்றவரோ பதற்றமின்றிக் கேட்பார். சொன்னது நல்லதென்று தேற்றுவார். துருவித் துருவிக் கேளாமல், குழந்தையின் சொற்களை அது சொன்னபடியே தேதி, நேரத்தோடு எழுதிவைப்பார். விசாரணை செய்வது தம் வேலையன்று என்பதை உணர்ந்து, காவல்துறைக்குத் தெரிவிப்பார். குழந்தையின் பெயர் வெளியே பரவாமல் காப்பார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவர் நோட்டுப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்காது. காவல் அதிகாரி சீருடையின்றி, இயன்றவரை பெண் அதிகாரியாக, குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வந்துதான் வாக்குமூலம் பெற வேண்டும் என்று சட்டம் கூறுவதையும் எடுத்துச் சொல்லி, 'ஸ்டேஷன் வாசல் ஏற வேண்டுமே' என்று அஞ்சும் பெற்றோரைத் தேற்றுவார்.

பாலியல் கொடுமையோடு இப்பயிற்சி நின்றுவிடவும் கூடாது. 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்ற பழமொழியை ஆதாரமாகக் கொண்டு, தோற்ற அணியைப் பிரம்பால் அடிப்பதையும், உச்சி வெயிலில் தண்ணீர் கொடாமல் ஓடவிடுவதையும், உடலமைப்பையும் ஜாதியையும் சொல்லி இகழ்வதையும் கண்டிப்பு என்று எண்ணுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஜப்பானின் ஒசாகா நகரத்தில், பயிற்சியாளரின் அடியைத் தாங்காமல் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவனான 17 வயது மாணவன் 2012 டிசம்பரில் தன் உயிரைப் போக்கிக்கொண்டபோது, கண்டிப்புக்குப் பேர்போன அந்தத் தேசமே தன் பயிற்சி முறையை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடைசெய்திருக்கிறது. பள்ளியின் மைதானம் பள்ளிக்குப் புறம்பானதன்று.

இதற்குச் சில ஆட்சேபணைகள் எழுகின்றன. அவை புறக்கணிக்கத் தக்கவையல்ல. தொடாமல் கற்றுக்கொடுக்க முடியாத விளையாட்டுகள் உண்டே, எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் யார் பயிற்சியளிக்க முன்வருவார் என்று நேர்மையான பயிற்சியாளர்கள் வருந்துகிறார்கள். தொடுவதை எவரும் தடுக்கவில்லை. எதற்காகத் தொடுகிறோம் என்பதைச் சொல்லி, குழந்தையின் சம்மதம் பெற்று, பலர் காணத் தொட வேண்டும் என்பதே நெறி. இந்நெறியைக் கைக்கொள்கிற பயிற்சியாளர்மீது வீண்பழி சுமத்துவது கடினம். ஆகையால் இப்பயிற்சி குழந்தைக்குக் காவலாவது போலவே அவருக்கும் காவல். இதையெல்லாம் பேசினால் பெற்றோர் பெண்களை மைதானத்துக்கே அனுப்பமாட்டார்கள் என்பது இன்னோர் ஆட்சேபணை. மௌனத்தின்மேல் எழுப்பிய நம்பிக்கை ஒரு செய்தியில் இடிந்து விழுந்துவிடும் என்பதையும், அப்படி விழும்போதுதான் ஊரில் உள்ள அத்தனை பெண்களும் ஒரே நாளில் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளப்படுகிறார்கள் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், பள்ளிக் கல்வித் துறையும், மாநில, மாவட்ட விளையாட்டுச் சங்கங்களும் இவ்விஷயத்தில் இனியும் காலம் தாழ்த்தலாகாது. கல்வியாண்டின் குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்கு முன்னரே, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு விளையாட்டு அதிகாரிக்கும் தமிழில், நம் மைதானங்களின் உதாரணங்களோடு, ஒரு நாள் நேர்முகப் பயிற்சி அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அச்சான்று இல்லாதவர் நடுவராகவோ மேலாளராகவோ பெயர் கொடுக்க முடியாதென்று விதி செய்ய வேண்டும். அணிதோறும், விடுதிதோறும், பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் எண்ணையும் பிள்ளைகள் பார்வையில் படும்படி எழுதிவைக்க வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு காலையிலும் மாலையிலும் பயிற்சி நடத்தும் தனியார் அகாதெமிகளுக்கு இவையின்றி அரசு மைதானத்தை வாடகைக்கு விடலாகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பிள்ளை அணியோடு வெளியூர் புறப்படும்போது, கூடப் போகிறவர்கள் யார், எங்கே தங்குகிறார்கள், குழந்தைப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் அவர்களில் யார் என்ற மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அதனால் கோபிக்கமாட்டார். கேள்வி கேட்டதற்காக உங்கள் பிள்ளையை அணியிலிருந்து நீக்குகிற பயிற்சியாளரிடம் உங்கள் பிள்ளை பயிலத்தான் கூடாது.